இராவணனை எத்தனை முறை கொல்வது? ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் உயர்நிலைப்பள்ளி வரை படித்தவர் எவராயினும் இராவணனைக் குறைந்தது இரண்டு விதமாகக் கொன்றிருப்பார். 'ராமா கில்டு ராவணா' என்பது ஒன்று. 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் இரண்டு மதிப்பெண் இருக்கிறது. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காகத் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் வாக்கியத்தின் தலையை வாலாக்கியும் வாலைத் தலையாக்கியும் பழகி வந்திருக்கிறார்கள். எப்போது தலையை முன்வைக்க வேண்டும், எப்போது வாலை முன்வைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. வினாத்தாள் அதைக் கேட்பதில்லை.

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அதிலுள்ள ஒவ்வொரு வினா வகைக்கும் ஒரு பிறப்பும் ஊரும் காலமும் இருப்பது தெரியவரும். இலத்தீன் பள்ளியிலிருந்து வந்தது ஒன்று, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்தது ஒன்று, டாக்காவிலும் பெங்களூரிலும் நடந்த ஆய்வுகளின் சாயலைக் கொண்டவை சில. புவியியலில் பாறை அடுக்குகளைப் படிப்பது போல ஒரு வினாத்தாளையும் படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ஒவ்வொரு பயிற்சியும் பிறந்தபோது அதற்கென ஒரு நோக்கம் இருந்தது, தேர்வுக்குள் நுழைந்த பிறகு மதிப்பெண் இடுவதற்கு வசதியான அதன் கூடு மட்டும் எஞ்சியது. இந்தக் கட்டுரை அந்தக் கூடுகளின் கதை.

1

1835இல் மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதைவிடப் பள்ளிக்கூடத்தின் போக்கைத் தீர்மானித்தது 1844இல் ஹார்டிஞ்சு பிரபு வெளியிட்ட ஆணை என்று சொல்லத் தோன்றுகிறது. அரசுப் பணிகளுக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே முன்னுரிமை என்றது அது. ஆங்கிலம் கற்பது உத்தியோகத்துக்கான வழியாயிற்று. வழி என்று வந்துவிட்டால் வாசலில் ஒரு காவலாளி வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு அந்தக் காவலாளியாயிற்று. 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு வந்தபோது காவலாளியின் சீருடை மாறியது, வேலை மாறவில்லை.

அக்காலத்து மாணவன் ஆங்கில இலக்கணம் என்று எதைப் படித்தான்? லிண்ட்லி மர்ரே என்பவர் 1795இல் வெளியிட்ட இலக்கண நூலும் அதன் வழிநூல்களும் அன்றைய ஆங்கில உலகெங்கும் கோலோச்சின. அவற்றின் அச்சு இலத்தீன் இலக்கணம். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன வகை, என்ன எண், என்ன வேற்றுமை, எதனோடு முடிகிறது என்று பிரித்துச் சொல்லச் சொல்வது 'பார்சிங்'. நம்முடைய பகுபத உறுப்பிலக்கணத்துக்கும் தொடர் முடிபு கூறுவதற்கும் ஒருவகையில் உறவுக்காரன். இலத்தீனில் சொல்லின் ஈற்றைப் பிரித்துப் பார்க்காமல் பொருள் விளங்காது, ஆகவே அங்கு இப்பயிற்சி வாசிப்பின் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தருகிறது, ஈறுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆகவே பார்சிங் அங்கு வாசிப்பிலிருந்து பிரிந்து தனியொரு வித்தையாயிற்று. அந்த வித்தை கப்பலேறி நம்மிடம் வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். அவரே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். ஆங்கிலத் தேர்வின் முதல் வெற்றியாளர் ஒருவர் தமிழின் மிகப் பழைய இலக்கணத்தை ஏட்டிலிருந்து மீட்டவராகவும் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பிறகு இந்த நூலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

காவலாளி எல்லோரையும் உள்ளே விடவில்லை. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், அடுத்த ஆண்டே ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். இராமானுஜன் கணிதத்தில் மட்டும் மூழ்கிக் கிடந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் பெயர் நமக்குத் தெரியவந்தது விதிவிலக்காகத்தான். அதே தாளில் விழுந்து எழாமற்போனவர்களின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜே.சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் வந்தன. அவர் வடமேற்கு மாகாணத்திலும் அவத்திலும் கல்வித்துறையில் பணியாற்றியவர். 1930களில் ரென்னும் மார்ட்டினும் எழுதிய உயர்நிலைப்பள்ளி ஆங்கில இலக்கணம் வந்தது. பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் இருந்தவர். அந்நியப் படையைப் பற்றிய 'போ ஜெஸ்ட்' (1924) என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர். உலகம் அவரை நாவலாசிரியராக அறிந்தது. இந்தியா இலக்கண ஆசிரியராக மட்டுமே அறிந்தது. இன்றும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் அந்தப் புத்தகம், பின்வந்தோரின் திருத்தங்களோடு, கிடக்கிறது.

இந்நூல்கள் ஏன் இவ்வளவு நீடித்தன? இவற்றின் பயிற்சிகள் தேர்வாளருக்கு ஏற்றவை என்பதே முதற்காரணம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு, தனிவாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை. எந்த ஊரில் எந்த ஆசிரியர் திருத்தினாலும் ஒரே மதிப்பெண். நூறாயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்த வேண்டிய நாட்டில் இது சிறிய வசதி அன்று. நியாயத்தின் ஒரு வடிவம் என்றுகூடச் சொல்லலாம். ஊர்ப் பெரியவரின் பிள்ளையும் கூலிக்காரரின் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். எதிர்த்துப் பேசுபவர்கள் இந்த நியாயத்தை மறந்துவிடக் கூடாது.

ஆனால் அளவுகோல் எதை அளக்கிறது என்பது வேறு கேள்வி. அயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒருவர் சொன்னதை 'என்று' என்ற ஒரு சொல்லால் அப்படியே தாங்கிக்கொள்கிறோம். 'நாளை வருகிறேன் என்றான்' என்றால் போதும். காலத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ சொன்னவன் நின்ற இடத்தையும் காலத்தையும் விட்டு, சொல்பவன் நிற்கும் இடத்துக்கு வாக்கியத்தைப் பெயர்க்க வேண்டும். 'நாளை' 'மறுநாள்' ஆகும், 'இங்கே' 'அங்கே' ஆகும், நிகழ்காலம் இறந்தகாலமாகும். இது நோக்குநிலை மாற்றம். கதை எழுதுபவனுக்கு மிக நெருக்கமான விஷயம். வகுப்பறையில் இது பட்டியலாகச் சுருங்குகிறது: 'நௌ' வந்தால் 'தென்', 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே'. பிள்ளைகள் பட்டியலைத் தவறின்றி ஒப்பிப்பார்கள். யார், எங்கிருந்து, யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

3

இந்தப் பயிற்சிகள் ஆங்கிலத்தோடு நின்றிருந்தால் தமிழ் வாத்தியார்களாகிய நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அவை பக்கத்து அறைக்கும் வந்தன. தமிழ்ப் பாடநூலில் வாக்கியங்கள் தனி, தொடர், கலவை என மூவகைப்படும் என்று படிக்கிறோமே, இந்தப் பாகுபாடு நன்னூலில் இல்லை, தொல்காப்பியத்திலும் இல்லை. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தின் வகைப்பாட்டை ஏற்று வந்தது இது. தமிழ் பல செயல்களை எச்சங்களால் கோத்து ஒரே வினைமுற்றில் கொண்டுபோய் நிறுத்தும் மொழி. 'எழுந்து குளித்து உண்டு புறப்பட்டவன் மழை வந்ததும் திரும்பினான்' என்ற வாக்கியத்தில் ஆங்கிலக் கண்ணுக்கு எத்தனை வாக்கியங்கள்? நமக்கு முற்று ஒன்றுதான். எச்சவியலை ஆழமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் நம் மாணவனுக்குத் தன் மொழியின் நடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். அவனோ கலவை வாக்கியத்தைத் தொடர் வாக்கியமாக மாற்றிக்கொண்டிருக்கிறான்.

செயப்பாட்டுவினையின் கதை இன்னும் சுவையானது. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கு தமிழில் உண்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே குறிக்கிறார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகியவர் யார் என்ற பேச்சே இல்லை. 'படு' சேர்த்துச் சொல்லும் வழக்கும் பழையதுதான். ஆனால் 'இன்னாரால் இன்னது செய்யப்பட்டது' என்று எழுவாயைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து 'ஆல்' உருபோடு நிறுத்தும் பழக்கம் இவ்வளவு பெருகியது மாற்றுப் பயிற்சிகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் பிறகுதான் என்று நாம் கருதுகிறோம். செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்காக இருந்த வாய்ப்பு, செய்தவரை வேறோர் இடத்தில் வைக்கும் வித்தையாகிவிட்டது. தாமோதரம்பிள்ளை அச்சிட்டுக் கொடுத்த நூலைப் புரட்டிப் பார்த்திருந்தால், செயப்பாட்டுவினை எதற்காக இருக்கிறது என்பதை நம் ஆங்கில ஆசிரியருக்கும் தமிழாசிரியரே சொல்லியிருக்க முடியும்.

4

இனி வாசிப்புக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாசிப்பைச் சோதிப்பது என்றால் உரக்கப் படிக்கச் சொல்வதே பெருவழக்கு. 1862இல் இங்கிலாந்தில் வந்த திருத்தச் சட்டம், பிள்ளைகள் ஆய்வாளர் முன்னிலையில் படித்துக் காட்டுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்றது. ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு அதைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானிய முறை நடைமுறையில் இருந்தது. உரத்துப் படிக்கும் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்பதை அந்த முறை கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கியது அமெரிக்கா. முதல் உலகப் போர்க் காலத்தில் கன்சாஸ் மாநிலத்தில் ஃபிரடெரிக் கெல்லி என்பவர் மௌன வாசிப்புக்கான தேர்வொன்றை உருவாக்கினார். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற வினா வகையின் தொடக்கமாக அதையே சுட்டுகிறார்கள். 1917இல் உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக், சிறுவர்கள் ஒரு பத்தியைப் படித்துவிட்டு எழுதிய தவறான விடைகளை ஆராய்ந்து, வாசிப்பது என்பது சிந்திப்பதே என்று காட்டினார். தவறுகளுக்கு அவர் கண்ட காரணம் முக்கியமானது. பத்தியிலோ வினாவிலோ ஏதோ ஒரு சொல் பிள்ளையின் மனத்தில் அளவுக்கு மீறி வலுப்பெற்றுவிடுகிறது, மற்றச் சொற்கள் அதன் நிழலில் மறைந்துவிடுகின்றன. எல்லாச் சொற்களுக்கும் உரிய எடையைக் கொடுத்து நிறுத்துப் பார்ப்பவனே படிக்கத் தெரிந்தவன்.

தார்ண்டைக் நோய் என்று கண்டது நம் தேர்வில் மருந்தாகிவிட்டது. ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். 'கொடுவன் சிமுலியால் பொத்தறையைப் பெகுத்தினான். அதனால் அவன் ஊரில் மிகவும் நெமியப்பட்டான்.' இதற்குப் பொருள் இல்லை, நாம் இட்டுக்கட்டியது. இப்போது வினாக்கள்: பொத்தறையைப் பெகுத்தியவன் யார்? எதனால் பெகுத்தினான்? அவன் ஊரில் ஏன் நெமியப்பட்டான்? மூன்றுக்கும் முழு மதிப்பெண் பெறலாம், ஒரு சொல்லும் புரியாமலே. வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு, கண்ட வரியை எடுத்து எழுது என்பதுதான் உரைப்பகுதி வினாவுக்குப் பல இடங்களில் சொல்லித்தரப்படும் உத்தி. மெலிந்த மாணவனைத் தேர்ச்சி பெற வைக்க ஆசிரியர் கையில் இருக்கும் கடைசிக் கயிறு அது. ஆசிரியரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன், வங்கிப் படிவத்திலோ மருந்துச் சீட்டிலோ பணி ஒப்பந்தத்திலோ எந்தச் சொல்லைத் தேடுவான்? அங்கே கீழே வினாக்கள் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

5

இதையெல்லாம் யாரும் முன்பே யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள். நம்முடைய நாட்டிலேயே யோசித்தார்கள். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1926இல் வங்கத்தின் இருமொழியத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி எளியது. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பலர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள். நின்றவன் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகைக்குச் சரண்டர் மதிப்பு என்று பெயர். அந்தச் சொல்லைக் கல்விக்கு எடுத்துக்கொண்டார் வெஸ்ட். முழுப் படிப்பையும் முடித்தால்தான் பயன் என்ற வகையில் அமைந்த ஆங்கிலப் பாடம், இடையில் நின்றவனுக்கு எதையும் தருவதில்லை. இரண்டு ஆண்டு இலக்கணம் படித்து நின்றவனிடம் இரண்டு ஆண்டு இலக்கணம் இருக்கும், ஆங்கிலம் இராது. ஆகவே முதலில் வாசிப்பைக் கொடுங்கள், குறைந்த சொற்களைக் கொண்டு நல்ல கதைகளைக் கொடுங்கள் என்றார். அதற்காகவே வாசகப் புத்தகங்களை எழுதினார். 1953இல் அவர் பதிப்பித்த இரண்டாயிரம் சொற்களைச் சார்ந்த பட்டியல் பின்னர் உலகெங்கும் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலம் வேறொரு வழியில் முயன்றது. இலக்கண விதிகளுக்குப் பதிலாக வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, செய்கையோடு சேர்த்துச் சொல்லிப் பழக்கும் முறை 1950களில் வந்தது. கதவைத் திறந்துகொண்டே 'கதவைத் திறக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வகுப்புகளை மூத்தவர்கள் நினைவுகூரக் கூடும். இதற்காகத் தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் திட்டமிட்டார்கள். சிலர் கற்று, அவர்கள் சிலருக்குக் கற்பித்து, அவர்கள் மேலும் பலருக்கு என்று உருண்டு பெருகுவதால் அதற்குச் 'சென்னைப் பனிப்பந்து' என்றே பெயர் வந்தது. பனியையே காணாத ஊரில் பனிப்பந்து! வெயிலில் உருட்டிய பந்து வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு உருகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

வரிசைப்படுத்திய வாக்கியங்களாலும் மொழி வந்து சேரவில்லை என்று கண்டவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு, தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் நண்பர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். இலக்கணம் சொல்லித்தருவதில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானே மனத்தில் படியும் என்பது பிரபுவின் கருத்து. 1985இல் வெளியான மதிப்பீட்டில், இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர்களே முன்னின்றார்கள். புரிந்துகொள்வதிலும், சூழலோடு கூடிய இலக்கணத்திலும் பிரபுவின் மாணவர்கள் முன்னின்றார்கள். எதைத் தேர்வாக வைக்கிறோமோ அதற்கேற்றவன் வெல்கிறான் என்று இதைப் படிக்கலாம். எதைத் தேர்வாக வைக்கப் போகிறோம் என்ற கேள்வியாகவும் படிக்கலாம்.

6

வரைபடம் பிறகு பொதுத்தேர்வுக்குள்ளும் வந்தது. வழிகாட்டும் வினா ஒன்று தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் நிலையாக இடம்பெற்றது. சிந்திக்க வைப்பதற்காகப் பிறந்த இவ்வகைப் பயிற்சிக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன? 'நேராகச் செல், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கத்தில் இருக்கிறது' என்ற மூன்று வரிகளை மனப்பாடம் செய்துவிட்டால் எந்த ஊருக்கும் வழி சொல்லிவிடலாம். படத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. 2019-20 கல்வியாண்டில் ஆங்கிலத்தின் இரு தாள்களும் ஒரே தாளாக்கப்பட்டன. பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்காமல் 2022இல்தான் மீண்டும் நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் இராவணன் தப்பித்தான். பிறகு மீண்டும் கொல்லப்பட்டான். செயப்பாட்டுவினையும் அயற்கூற்றும் அதே இரண்டு மதிப்பெண்ணோடு திரும்பி வந்தன.

இலக்கணமே வேண்டாம் என்பது நம் கட்சி அன்று. இலக்கணம் படித்து வளர்ந்தவர்கள் நாம். தொல்காப்பியர் 'வழக்கியல் மரபு' என்று பேசுபவர். மக்கள் எப்போது எதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்து விதி செய்தவர். ஆங்கிலத் தேர்வுக்கும் அந்தப் பார்வை பொருந்தும். 'இதைச் செயப்பாட்டுவினையாக மாற்று' என்பதற்குப் பதிலாக ஒரு சிறு செய்தியைக் கொடுத்து, 'இதை எழுதியவர் பாலத்தை இடித்தவர் யார் என்று ஏன் சொல்லவில்லை?' என்று கேட்கலாம். உரைப்பகுதியில் இல்லாத சொல்லைக் கொண்டு வினாவை அமைக்கலாம். பத்திக்குள் விடை இல்லாத ஒரு வினாவை வைத்து, 'இதற்கு விடை இதில் இல்லை' என்று எழுதுபவனுக்கு மதிப்பெண் தரலாம். இவற்றைத் திருத்துவது கொஞ்சம் கடினம். விடைக்குறிப்பு எழுதுவது இன்னும் கடினம். முடியாதது அன்று.

நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கித் தேறி, அத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகிற பையனை நினைத்துக்கொள்வோம். தையற்கூடத்திலும் விமான நிலையத்திலும் அவன் முன் ஒரு தாள் நீட்டப்படும். அதில் கையெழுத்திட வேண்டியிருக்கும். பத்தாண்டு ஆங்கிலப் பாடத்தின் சரண்டர் மதிப்பு அவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். வெஸ்ட் அந்தக் கேள்வியைக் கேட்டு நூறாண்டு ஆகிறது. அடுத்த வினாத்தாளை அமைக்க உட்காருகிறவர்கள் அவனையும் மேசையருகில் உட்கார வைத்துக்கொண்டால் நன்று.